கலைச்சொல் விவாதம்: ‘இறைவழிக் கூர்ப்பு’ ஏன் பொருந்தாது?

அன்பின் குழுமத்தார்க்கு,

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். உயர்தரப் பிள்ளைகளின் தவணைப் பரீட்சைத் தாள்கள் மேசையில் குவிந்து கிடந்ததால் இந்த இழையை இன்றுதான் முழுக்க வாசித்து முடித்தேன். பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும்.

கொழும்பு அண்ணா கேட்டது இது: உயிர்கள் பொது மூதாதைகளிலிருந்து மாறி மாறி வந்தவை என்ற அறிவியலையும் ஏற்று, கடவுளையும் நம்புகிறவர்களின் நிலைப்பாட்டை ஆங்கிலத்தில் ‘தீயிஸ்டிக் எவலூஷன்’ என்கிறார்கள், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: கடவுட்கூர்ப்பு, ஆத்திகப் பரிணாமவாதம், இறைவழிக் கூர்ப்பு, கூர்ப்புவழிப் படைப்பு. (‘எவலூஷன்’ என்பதை இலங்கையில் கூர்ப்பு என்கிறோம், தமிழ்நாட்டில் பரிணாமம் என்கிறார்கள்.)

கடவுட்கூர்ப்பை உடனே விட்டுவிடலாம். கடவுளே கூர்ப்படைந்தார் என்றோ, கடவுள் என்ற கருத்து காலப்போக்கில் எப்படி மாறி வந்தது என்றோதான் அதற்குப் பொருள் வரும்.

‘ஆத்திகப் பரிணாமவாதம்’ என்பது சென்னை நண்பர் தந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பரிணாமம் ஊன்றிவிட்ட சொல் என்பதை மதிக்கிறேன். ஆனால் சமயத்தோடு சேர்த்துப் பேசும்போது அந்தச் சொல் தனக்கென ஒரு பழைய வழக்கைக் கையோடு கொண்டு வருகிறது. சாங்கியம் என்ற பழைய தத்துவத்தில் பரிணாமம் என்றால் பால் தயிராவது போன்ற மாற்றம். காரணத்துக்குள் காரியம் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது, பிறகு வெளிப்படுகிறது. சைவ சித்தாந்தத்திலோ உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணம் என்ற நூலில் மறுக்கிற கட்சிகளில் பரிணாமவாதியும் ஒருவர். இறைவனே உலகாகத் திரிந்தான் என்பது அவருடைய கட்சி. சித்தாந்தம் படித்த ஒருவரிடம் போய் ஆத்திகப் பரிணாமவாதம் என்றால், டார்வினைப் பற்றிய பேச்சு என்று அவர் நினைக்கமாட்டார். அறுநூறு, எழுநூறு வருடங்களுக்கு முன்பே முடிந்த வழக்கை மறுபடி எடுக்கிறோம் என்றுதான் நினைப்பார்.

இதைவிட எனக்குப் பெரிய குறை வகுப்பில் தெரிவது. பால் தயிராகும்போது மாறுவது அதே பால். கூர்ப்பில் எந்தத் தனி அங்கியும், அதாவது தனி உயிரும், மாறுவதில்லை. குடித்தொகைக்குள், அதாவது ஒரே இனத்து உயிர்களின் கூட்டத்துக்குள், ஏற்கெனவே இருக்கிற வேறுபாடுகளில் சில, தலைமுறைக்குத் தலைமுறை பெருகுகின்றன, சில அருகிப்போகின்றன. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்தை நீட்டிக்கொண்டது என்று ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு பிள்ளை எழுதத்தான் செய்கிறது. பால்–தயிர் உவமை அந்தப் பிழைக்குத் துணை போகிறது.

கூர்ப்பு எங்கள் பாடநூல் சொல் என்பதற்காக மட்டும் நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தொல்காப்பிய உரியியலில் ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்றொரு நூற்பா இருக்கிறது. முன்னரே உள்ள ஒன்று மிகுவதைக் கூர்ப்பு, கழிவு என்ற இரண்டு சொற்களும் குறிக்கும் என்கிறது. (கழிவு இன்று குப்பையாகிவிட்டது. அன்று அது மிகுதி.) தொல்காப்பியர் உயிரியல் பேசினார் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி யாராவது சொன்னால் அதை மறுக்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் இயற்கைத் தேர்வில் நடப்பதும் உள்ளது மிகுவதுதானே? உள்ள வேறுபாடு பெருகுகிறது. புதிதாக வருகிற விகாரமும் (மரபணு மாற்றமும்) ஒரு முறை வந்து ‘உள்ளது’ ஆன பிறகுதான் தேர்வுக்கு உட்படுகிறது. கூர்மை, முன்னேற்றம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். திமிங்கிலம் பின்கால்களை இழந்ததும் கூர்ப்புத்தான் என்று சொல்லி அதைத் திருத்திக்கொள்ளலாம்.

இனி ‘இறைவழிக் கூர்ப்பு’. குழுமத்தில் அதிகம் பேர் விரும்பியது இதைத்தான். செவிக்கு இனிமையாகவும் இருக்கிறது. நான் எதிர்ப்பதும் இதைத்தான்.

கூர்ப்பு என்பது ஒன்றுதான். அதற்கு முன்னால் ‘இறைவழி’ என்று அடைமொழி போட்டால் இறைவழிக் கூர்ப்பு ஒன்று, இறையில்லாக் கூர்ப்பு இன்னொன்று என்று இரண்டு இருப்பதாகிவிடும். கடவுளை நம்புகிற உயிரியலாளரும் நம்பாத உயிரியலாளரும் ஆய்வுகூடத்தில் செய்வது ஒரே வேலை. 1973இல் ‘கூர்ப்பின் ஒளியில் அல்லாமல் உயிரியலில் எதுவும் பொருள்படாது’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதிய தியோடோசியஸ் டொப்சான்ஸ்கி ஒரு மரபுவழிக் கிறிஸ்தவர். அவர் பழ ஈக்களை எண்ணியதில் சமயம் எங்கே வந்தது? வேறுபாடு அறிவியலில் இல்லை, அதை ஏற்கிற ஆளின் நம்பிக்கையில் இருக்கிறது. நாம் பெயர் சூட்ட வேண்டியது அந்த நம்பிக்கைக்கு.

இன்னொன்று. ‘வழி’ என்றதும் இறைவன் கூர்ப்பை வழிநடத்துகிறான் என்ற பொருள் வந்துவிடுகிறது. அது இந்த நிலைப்பாட்டுக்காரர்களில் ஒரு பகுதியினரின் கருத்து மட்டுமே. டார்வினின் நண்பரும் உறுதியான கிறிஸ்தவருமான அமெரிக்கத் தாவரவியலாளர் அசா கிரே அப்படி நினைத்தார். வேறுபாடுகள் நன்மையான திசைகளில் நடத்தப்பட்டன என்றார். டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் அதற்கு மறுமொழி சொன்னார். செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து கிடக்கும் துண்டுக் கற்களை ஒருவர் பொறுக்கி வீடு கட்டுகிறார். நிலைக்கு ஏற்ற கல், வளைவுக்கு ஏற்ற கல் என்று தேர்ந்தெடுக்கிறார். ஒவ்வொரு கல்லும் அந்த வடிவில் உடைந்ததற்கு இயற்கைக் காரணம் உண்டு. ஆனால் இந்த வீட்டுக்காகத்தான் அப்படி உடைந்தது என்று சொல்ல முடியுமா?

எங்கள் ஊர்ச் சுவாமிமலையில் கோணேசர் கோயிலுக்குப் பின்னால் நின்று கீழே பார்த்தவர்களுக்கு இந்த உவமை சட்டென்று புரியும். மேலே செங்குத்தான பாறை, கீழே நுரைக்கிற கடல், அடியில் உடைந்து கிடக்கிற கற்கள். நான் அங்கே கும்பிடப் போகிறவள். எல்லாம் அவன் செயல் என்று மனதாரச் சொல்கிறவள். அப்படி இருந்தும், அந்தக் கல் அந்தக் கோணத்தில் உடைந்ததற்குக் காரணம் கேட்டால் வெயிலையும் உப்பையும் அலையையும்தான் சொல்வேன். காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி குறைகிறது, அந்த இடத்தில் கடவுளைப் பொருத்துகிறேன் என்று சொன்னால், நாளைக்கு அந்தக் கண்ணி கிடைத்துவிடும்போது கடவுளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

‘கூர்ப்புவழிப் படைப்பு’ இந்தக் குறையைப் பெருமளவு தாண்டிவிடுகிறது. பாதர் சொன்னது சரிதான், ஆங்கிலத்திலும் இந்தச் சங்கடம் இருக்கிறது. கூர்ப்பைப் பெயராகவும் கடவுளை அடைமொழியாகவும் வைப்பது பிடிக்காமல் படைப்பைப் பெயராக்கியவர்கள் உண்டு. மனித மரபணுத்தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் கொலின்ஸ் தன் 2006ஆம் ஆண்டு நூலில் ‘பயோலோகோஸ்’ என்று வேறு பெயரே வைத்துப் பார்த்தார். ஆனால் நம் வகுப்பறை வேறு. என் வகுப்பில் சைவப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். படைப்பு என்ற சொல் கத்தோலிக்கப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் நேராகப் போய்ச் சேரும். சித்தாந்தத்தில் படைத்தல் ஐந்தொழிலில் ஒன்றுதான் என்றாலும், ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவது என்ற பொருள் அதற்கு இல்லை. மாயை முதற்காரணம், இறைவன் நிமித்தகாரணம். மண்ணும் குயவனும் போல. உயிர்களோ அநாதி, யாரும் படைத்தவையல்ல. இத்தனை வேறுபாட்டையும் படைப்பு என்ற ஒரு சொல்லின் தலையில் ஏற்றக் கூடாது.

‘இறைவன்’ அப்படியல்ல. கோணேசர் கோயிலிலும் தேவாலயத்திலும் கிண்ணியாப் பள்ளிவாசலிலும் தமிழில் இறைவன் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

திருவாசகச் சிவபுராணத்தில் ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று இருக்கிறதே, அதிலேயே கூர்ப்பு வந்துவிட்டதே என்று எழுதிய தம்பிக்கு ஒரு சொல். அந்த வரிகளைப் பாடும்போது எனக்கும் நெஞ்சு இளகும். ஆனால் அது ஓர் உயிர் பல உடல்களில் பிறந்து இளைத்த கதை. கூர்ப்பு உடல்களின் வம்சவழி பற்றியது. பாடலில் பாம்புக்குப் பிறகு கல் வருகிறது, மனிதருக்குப் பிறகு பேய் வருகிறது. அதை உயிரியல் வரிசையாக வாசித்தால் பாடலுக்கும் நியாயம் செய்யமாட்டோம், பாடத்துக்கும் செய்யமாட்டோம்.

என் முன்மொழிவு: கூர்ப்பேற்பு இறைநம்பிக்கை. ஆளைக் குறிக்க: கூர்ப்பேற்ற இறைநம்பிக்கையாளர்.

இறைமறுப்பு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதே வாய்ப்பாட்டில் கூர்ப்பு மறுப்பு, கூர்ப்பேற்பு என்று இரண்டையும் எதிரெதிரே வைக்கலாம். பெயர்ச்சொல் நம்பிக்கை, கூர்ப்பு அதன் அடைமொழி. அதனால் அறிவியல் இரண்டாகப் பிளவுபடவில்லை. இசைவு என்ற பொருளில் ‘கூர்ப்பிசை’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் அதை ஒரு வகைச் சங்கீதம் என்று வாசித்தார்கள். ஏற்பு என்றதும் எங்கள் பக்கத்தில் ஏற்பூசி (ஏற்புவலித் தடுப்பூசி) நினைவுக்கு வரும் என்று மட்டக்களப்பு அக்கா சொல்லக்கூடும். தனியே நின்றால் வரும், கூர்ப்போடு புணர்ந்தால் வராது. இதையும் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஏற்பு என்பதில் அளவுக்கும் இடமிருக்கிறது. கிண்ணியா சேர் தொட்ட விடயம் இதுதான். மற்ற உயிர்களில் கூர்ப்பை ஏற்று, ஆதம் நபி பற்றிய இடத்தில் நின்றுகொள்கிற முஸ்லிம் அறிஞர்கள் இருக்கிறார்கள். 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மனித உடலின் தோற்றத்தைக் கூர்ப்பின் வழியில் ஆராயத் தடையில்லை, ஆன்மா மட்டும் கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்றார். 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) கூர்ப்பு வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று ஒத்துக்கொண்டார். சைவத்துக்கு ஆன்மா அநாதி என்பதால் உடலின் வம்சவழி எதுவானாலும் கொள்கை ஆடாது என்பது என் எண்ணம். எவர் எதுவரை ஏற்கிறார் என்பதை வரைவிலக்கணத்தில் சொல்லிக்கொள்ளலாம், சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

இரண்டும் ஒரு மனதில் சேர்ந்திருக்க முடியுமா என்றே கேட்டவர்களுக்கு: முடியும் என்று டார்வினே 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார், ஒருவர் தீவிர இறைநம்பிக்கையாளராகவும் கூர்ப்பை ஏற்பவராகவும் இருக்கலாம் என்பதைச் சந்தேகிப்பதே அபத்தம் என்று. அவர் தடுமாறிய இடம் வேறு. உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளிருந்து அதைத் தின்று வளரும் குளவிக் குடம்பியை நல்ல கடவுள் ஏன் உண்டாக்கினார் என்று 1860இல் அசா கிரேக்கு எழுதினார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆனால் அது கூர்ப்பு கொண்டுவந்த கேள்வியல்ல. 2004 மார்கழி (டிசம்பர்) 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மார் டார்வினின் பெயரையும் கேள்விப்படாமல் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களில் பலர் இன்றைக்கும் விளக்கேற்றுகிறார்கள்.

ஏன் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், ஒரு பிள்ளையின் கேள்விக்காக. முன்பொருமுறை உப்புவெளிக் கரையில் ஒரு டொல்பின் செத்து ஒதுங்கியது. நாய் குதறி, வெயில் காய்ந்து, ஒரு பக்கத் துடுப்பில் தசை முழுக்கப் போய்விட்டிருந்தது. பிள்ளைகளோடு குந்தியிருந்து பார்த்தோம். கட்டையான ஒரு புயவென்பு. அதற்குக் கீழே தட்டையாக முன்கை எலும்புகள் இரண்டு, ஆரையும் அரந்தியும். கூழாங்கல் போலச் சின்னச் சின்ன மணிக்கட்டு எலும்புகள். பிறகு விரல்கள், கோத்த மணி மாதிரி வரிசை வரிசையாக. நம் சுட்டுவிரலில் மூன்று எலும்பு, அதிலே அதற்கும் கூட. ஒரு மகள் தன் கையை மணலில் விரித்து, பக்கத்தில் வைத்து எண்ணிக்கொண்டே கேட்டாள்: “மிஸ், நீந்துறதுக்குத் துடுப்புப் போதும்தானே. கடவுள் ஏன் அதுக்குள்ள விரல வச்சவர்?”

தரையில் நடந்த மூதாதையின் கையிலிருந்து வந்தது என்று சொன்னேன். அப்படியென்றால் கடவுள் இல்லையா என்று அடுத்த கேள்வி வந்தது. இல்லை என்று நான் சொல்லவில்லை, இரண்டையும் ஏற்பவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவர்களுக்கு என்ன பெயர் என்று கேட்டாள். என்னிடம் தமிழில் சொல் இருக்கவில்லை.

அகராதிப் பதிவுக்கு நான் எழுதிய வரைவு: “கூர்ப்பேற்பு இறைநம்பிக்கை: உயிரினங்கள் பொது மூதாதைகளிலிருந்து கூர்ப்படைந்தன என்ற அறிவியல் முடிவை ஏற்று, அதோடு இறைவன் உளன் என்றும் நம்பும் நிலைப்பாடு. இறைவன் கூர்ப்பை நடத்துகிறானா, எவ்வாறு நடத்துகிறான் என்பது பற்றி இச்சொல் எதுவும் கூறாது.”

கடைசி வசனத்தை எடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்டால் எனக்குச் சம்மதமில்லை. முதல் வசனத்தில் ‘பொது மூதாதைகள்’ என்பதைப் பற்றிக் கிண்ணியா சேரும் பாதரும் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஆசை. அடுத்த தவணைக் குறிப்புகளைக் நகலெடுக்கக் கொடுக்க முன்னர் எழுதுவீர்களானால் பிள்ளைகளின் கைக்குத் திருத்திய வடிவமே போகும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை