அனோடைசிங்கை ‘முலாம்’ என்று சொல்லலாமா?

ஹட்டனிலிருந்து:

அன்பின் குழுவினருக்கு,

அலுமினியத் துண்டை அமிலத்தில் தொங்கவிட்டு, மின் பாய்ச்சி, பிறகு சாயம் ஏற்றும் வேலையைப் பட்டறையில் ‘அனோடைசிங்’ என்றே சொல்கிறோம். மாணவர்களுக்காகத் தயாராகும் தமிழ்க் கையேட்டின் வரைவில் அது ‘அலுமினிய முலாமிடல்’ ஆகியிருக்கிறது. இதை அச்சுக்குப் போகவிடக் கூடாது.

மின்முலாமிடலில் வேலைப்பொருள் கதோட்டு, அதாவது மறை முனை. வேறு உலோகம் வந்து அதன்மேல் படிகிறது. இங்கே வேலைப்பொருள்தான் அனோட்டு, அதாவது நேர் முனை. வெளியிலிருந்து எதுவும் வந்து ஒட்டுவதில்லை, அலுமினியத்தின் மேற்பரப்பே ஒட்சைட்டாக மாறுகிறது. முலாம் என்று படித்த பையன் துண்டை மறை முனையில்தான் மாட்டுவான். ஐதரசன் குமிழி பொங்கும், பார்க்க அழகாயிருக்கும், சாயத்தில் போட்டால் ஒரு சொட்டும் பிடிக்காது.

என் முன்மொழிவு ‘அனோட்டுப் படலமேற்றல்’. தமிழ்நாட்டில் நேர்மின்வாய் என்பார்கள், நம் பாடநூல்களில் அனோட்டுதான். சாயத்துக்குப் பின் வெந்நீரில் செய்யும் கடைசி வேலைக்கு ‘முத்திரையிடல்’ என்று வைத்திருக்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து:

சேர், முலாம் வேண்டாம் என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் ‘ஏற்றல்’ அதே பிழையைக் கொல்லைப்புறமாகக் கூட்டி வருகிறது. 15 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) படலம் உண்டானால் ஏறக்குறைய 10 மைக்ரோன் உலோகத்துக்குள் இறங்கியிருக்கும், 5 தான் வெளியே தள்ளும். தண்டின் விட்டம் 10 மைக்ரோன் கூடும், 30 அல்ல. ஏற்றல் என்று நினைத்து லேத்தில் 30 மைக்ரோன் குறைத்துக் கடைந்தால் பொருத்தம் லொடலொடக்கும். ‘அனோட்டுப் படலவளர்ப்பு’ என்று வைப்போம்.

வளர்ப்பு என்றால் கணக்கும் ஒழுங்காக வரும். 100 சதுர சென்ரிமீற்றருக்கு 1 அம்பியர் வீதம் ஒரு நிமிடம் பாய்ச்சினால் சுமார் 0.33 மைக்ரோன் வளரும். 30 மில்லிமீற்றர் விட்டமும் 20 மில்லிமீற்றர் உயரமும் உள்ள ரேடியோக் குமிழின் பரப்பு கிட்டத்தட்ட 33 சதுர சென்ரிமீற்றர். 100 சதுர சென்ரிமீற்றருக்கு 1.5 அம்பியர் கணக்கில் அதற்கு அரை அம்பியர் போதும். 40 நிமிடத்தில் 20 மைக்ரோன் வரும், சாயத்துக்குத் தாராளம். மின்னோட்டத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டு வோல்ற்றளவைத் தன் பாட்டில் ஏறவிடுங்கள். 12க்கும் 18க்கும் இடையில் நிற்கும்.

தொட்டிக்கு, பற்றரி அமிலத்தோடு அதே அளவு காய்ச்சி வடித்த தண்ணீர். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மறந்தும் மாற்றிச் செய்யக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரைட்டு இருந்தால் மேற்பரப்பில் குழி விழும். கதோட்டுக்கு ஈயத் தகடு தேவையில்லை, அலுமினியத் தகடே போதும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஐதரசன் வெளியேறக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

இனி நம்ம ஊர் விஷயம். தொட்டி 20 பாகையில் இருக்க வேண்டும். கொழும்பில் 30 பாகையில் செய்கிறவர்களுக்குப் படலம் வளர வளர அமிலமே அதைக் கரைத்துவிடும், துடைத்தால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டும். நமக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. ஜனவரிக் காலையில் 12 பாகைத் தொட்டியில் படலம் கெட்டியாகிறது, சாயத்தைக் குடிக்கும் நுண்துளை குறைகிறது, அடர்சிவப்பு வெளிறிய ரோஸாக வருகிறது. தொட்டியை வெதுவெதுப்பான தண்ணீர் பேசினுக்குள் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

‘முத்திரையிடல்’ தபால் கந்தோர் வேலை. இங்கே நடப்பது வேறு: ஒட்சைட்டு நீரேறி வீங்கித் துளையை அடைக்கிறது. ‘துளையடைப்பு’ என்றாலே விளங்கும். அதற்குத் தண்ணீர் 96 பாகைக்குக் குறையக் கூடாது, மைக்ரோனுக்கு 2 அல்லது 3 நிமிடம். நுவரெலியாவில் தண்ணீர் கொதிப்பதே 94 பாகை அளவில்! இங்கே எத்தனை கொதிக்க வைத்தாலும் துளை அரைகுறையாகவே அடைபடும், கைபட்ட இடமெல்லாம் அழுக்கைக் குடிக்கும். பழைய பிரஷர் குக்கரில் தட்டுப் போட்டு, தண்ணீர் படாமல் ஆவியில் வையுங்கள். சாயமும் கசியாது. அந்தக் குக்கரில் பிறகு சோறு ஆக்க வேண்டாம்.

ஹட்டனிலிருந்து:

தம்பி, படலவளர்ப்பு, துளையடைப்பு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். பேச்சில் ‘அனோட்டு’ உதிர்ந்து ‘படலம் வளர்க்கிறது’ என்றாகிவிடும், நல்லதுதான். ஹட்டனிலும் கொதிநிலை 96ஐத் தொட்டும் தொடாமலும்தான் இருக்கிறது, ஆகவே குக்கர் முறையைக் கையேட்டில் சேர்க்கிறேன். ஒன்றை நான் கூட்டுகிறேன்: சாயத்துக்கு முன் சூடான தண்ணீரில் அலசக் கூடாது என்று எழுத வேண்டும். துளை அங்கேயே மூடத் தொடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, அப்பச்சோடாக் கரைசலில் முக்கி, திரும்ப அலச வேண்டும். திருகு ஓட்டைக்குள் தங்கிய அமிலம் பிறகு கசிந்து சாயத்தில் வெள்ளைக் கோடு இழுப்பது இப்படிச் செய்யாததால்தான்.

பண்டாரவளையிலிருந்து:

‘படலவளர்ப்பு’க்கு என் ஆதரவு. விட்டுப்போன சொல் ஒன்று: படலம் வளர்க்குமுன் கோஸ்டிக் சோடாவில் (லீற்றருக்கு 50 கிராம், 50 பாகைச் சூடு, ஓரிரு நிமிடம்) அரித்தெடுத்ததும் துண்டின்மேல் கறுப்பாகப் படியுமே, அது. ‘அழுக்கு’ என்று எழுதினால் பையன்கள் சவர்க்காரம் தேடுவார்கள். அது காரத்தில் கரையாமல் மிஞ்சிய செம்பும் சிலிக்கனும் மாதிரியான கலப்பு மூலகங்களின் மிச்சம். ‘அரிப்புக் கரி’ என்று வைக்கலாம். செம்புக் கரி நைத்திரிக்கமிலத்தில் போகும். ஆட்டோ எஞ்சின் கவர் போன்ற வார்ப்புத் துண்டில் சிலிக்கன் அதிகம், அதில் என்ன செய்தாலும் சாம்பல் நிறத்தின்மேல்தான் சாயம் நிற்கும். 6063 ரக அலுமினிய யன்னல் சட்டத் துண்டுதான் பழகுவதற்கு நல்லது, ஆனால் அது ஏற்கெனவே படலம் வளர்ந்ததாக இருக்கலாம். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் கீறாமல் மெல்ல வைத்துப் பாருங்கள். மின் கடக்காவிட்டால் முதலில் கோஸ்டிக்கில் பழைய படலத்தை உரிக்க வேண்டும்.

துண்டைத் தொங்கவிடும் அலுமினியக் கம்பிக்குத் ‘தொங்கி’ போதும். துண்டோடு சேர்ந்து அதன்மேலும் படலம் வளரும், படலம் மின் கடத்தாது. ஒவ்வொரு முறையும் அதையும் உரித்துவிட்டே திரும்ப மாட்ட வேண்டும் என்று அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், சேர்.