அறைத்தோழர் பாதியில் போய்விட்டால் அவர் பங்கு வாடகை யார் தலையில்?

வேளச்சேரிவாசி:
நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீடு. வாடகை 24,000, ஆளுக்கு 6,000. அட்வான்ஸ் 72,000-க்கு ஆளுக்கு 18,000 போட்டோம். ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான். போன மாதம் 28-ஆம் தேதி இரவு ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "ஒன்றாம் தேதி முதல் நான் இல்லை, என் 18,000-ஐக் கொடு" என்று நின்றார். பணம் வீட்டுக்காரரிடம் அல்லவா இருக்கிறது? இந்த மாதம் அவர் பங்கையும் நானே கட்டினேன். புது ஆள் வரும்வரை அவர்தான் தர வேண்டும் என்கிறேன்.

கூடத்துப்பாய்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். நானும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வெளியேறியவன்தான். இரண்டு வருடம் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். வாடகை மட்டும் அறையில் இருந்தவர்களுக்குச் சமமாகக் கொடுத்தேன். ஊரிலிருந்து அம்மா வந்தபோது ஒரே ஒரு இரவு தங்கவைக்கக்கூட "வீட்டுக்காரர் திட்டுவார்" என்று ஒப்பந்தத்தில் பெயர் இருந்தவர் மறுத்துவிட்டார். அன்றிரவு அம்மாவைக் கோயம்பேட்டில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். உரிமை எதுவும் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் எப்படிக் கேட்கிறீர்கள்?

வேளச்சேரிவாசி:
உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் வாடகை ஒரு நாள் தாமதமானாலும் வீட்டுக்காரர் கூப்பிடுவது என்னைத்தான். குழாய் ஒழுகினாலும் என்னைத்தான். அந்தப் பாரத்துக்கு யார் விலை கொடுப்பது?

எழும்பூர் வக்கீல்:
இருவரும் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. எனவே பெயர் இல்லாத மூவரிடம் பங்கு வாங்கும்போது ஆபத்து வேளச்சேரிவாசிக்குத்தான். நால்வரும் கையெழுத்திட்டிருந்தால் நிலைமை வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவுப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை வீட்டுக்காரர் முழு வாடகையையும் நால்வரில் எவரிடமும் கேட்கலாம். கட்டியவர் மற்றவர்களிடம் சம பங்கைக் கேட்டு வாங்கலாம்.

கூடத்துப்பாய்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்? நால்வர் பெயரையும் போட எது தடுத்தது?

வேளச்சேரிவாசி:
"நான்கு பையன்களா?" என்று எத்தனை வீட்டில் கதவைச் சாத்தினார்கள் தெரியுமா? ஒருவர் பெயரில் என்றால்தான் இந்த வீடு கிடைத்தது.

மாடிவீட்டு மல்லிகை:
நாங்கள் மூன்று பெண்கள், ஆறு வருடமாகச் சேர்ந்து இருக்கிறோம். பிரிட்ஜ் கதவில் ஒரு கோடு போட்ட தாள். காலி செய்ய 30 நாள் முன்பே சொல்ல வேண்டும். புதிதாக வருபவர் அட்வான்ஸ் பங்கைப் போகிறவரிடமே கொடுத்துவிட வேண்டும். மூவரின் கையெழுத்தும் அதில் உண்டு. மின்கட்டணத்தில்தான் சண்டை வந்தது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறிவிடுகிறது. ஏசி ஒருத்தியின் அறையில் மட்டும்தான் இருந்தது. அவள் அறைக்குத் தனியாக ஒரு துணை மீட்டர் வைத்தோம். கூடத்துப்பாய் தம்பி, கூடத்தில் படுப்பவருக்கு வாடகை குறைவு என்றும் எங்கள் தாளில் இருக்கிறது.

வேளச்சேரிவாசி:
அவர் 28-ஆம் தேதிதான் சொன்னார். 30 நாள் கணக்கில் ஒரு மாத வாடகை 6,000-ஐக் கழித்து 12,000 கொடுத்தால் நியாயமா?

கூடத்துப்பாய்:
முன்பே பேசியிருந்தால் நியாயம். இப்போது கேட்டுப் பாருங்கள், நீங்களாகக் கழிக்காதீர்கள்.

வேளச்சேரிவாசி:
சரி, இன்றிரவு அவரை அழைத்துப் பேசுகிறேன். மற்ற இருவருக்கும் தாள் எழுதுகிறேன்.