கையெழுத்து நிகழ்வில் வரிசை பாதியிலேயே நின்றுபோவது ஏன்?

கேட்டவர்: நுங்கம்பாக்கம் வாசகர்

சென்னையில் ஒரு புத்தகக் கடை, மாலை 5 முதல் 7 வரை எழுத்தாளர் கையெழுத்திடுவார் என்று அறிவித்தது. புத்தகத்தை அங்கேயே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. பேச்சும் கேள்வி பதிலும் நீண்டதால் 6.15க்குத்தான் கையெழுத்து தொடங்கியது. 7 மணிக்கு எழுத்தாளர் கிளம்பியபோது வரிசையில் பாதிப் பேர் மிச்சம். அவர்களுக்கு, முன்பே கையெழுத்திட்டு வைத்திருந்த படிகளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவற்றில் வாங்கியவர் பெயர் இல்லை. கையெழுத்து கிடைத்தவர்களில் சிலருக்கோ மை எதிர்ப்பக்கத்தில் அப்பிவிட்டது.

இத்தனை பேருக்குத்தான் நேரம் போதும் என்று கடை முன்கூட்டியே கணக்கிட முடியாதா? முன்பே போட்டுவைத்த கையெழுத்தை நம்பலாமா? மை அப்பாமல் இருக்க என்ன வழி?

பதில் 1: கல்லாப்பெட்டி

தாராளமாகக் கணக்கிடலாம் சார். வெறும் கையெழுத்துக்கு 15 முதல் 20 விநாடி. பெயர், தேதி சேர்ந்தால் 40, 45 விநாடி. கூடவே நின்று போட்டோ எடுத்தால் ஒன்றரை நிமிடம். 6.15லிருந்து 7 வரை 45 நிமிடம். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 30 பேர், அவ்வளவுதான். 60 பேருக்குப் பில் போட்டிருந்தால் பாதிப் பேர் நிற்கத்தான் செய்வார்கள். தப்பு பில் போட்ட இடத்தில். பில்லோடு எண் போட்ட டோக்கன் கொடுத்து, கணக்கில் வருவதைவிடப் பத்து சதவீதம் குறைவாகவே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வாங்குபவரிடம் "கையெழுத்து உறுதியில்லை" என்று காசு வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நேரத்தை அதிகம் தின்பது பெயர்தான். சீனிவாசன், ஸ்ரீனிவாசன், ஸ்ரீநிவாசன் மூன்றும் மூன்று ஆள். மேசையில் வந்து எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தால் வரிசை நகராது. கடைப் பையன் ஒருவர் வரிசை நெடுகப் போய், துண்டுச் சீட்டில் பெயரை அவரவர் கையாலேயே எழுத வைத்து, கையெழுத்துப் போடும் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகிவிட வேண்டும். மேசையில் இன்னும் இரண்டு பேர்: ஒருவர் பக்கத்தைத் திறந்து நீட்ட, மற்றவர் வாங்கி மை காய்ந்ததும் மூடிக் கொடுக்க. போட்டோவை எழுத்தாளர் எழுதும்போதே எடுத்துவிடலாம், எழுந்து நிற்கச் சொல்லக் கூடாது. பழைய புத்தகங்களைக் கட்டாகக் கொண்டுவருபவருக்கு முதலில் இரண்டு, மீதி வரிசை முடிந்த பின்.

பேச்சுக்கு முன்பே அரைமணி நேரம் கையெழுத்துக்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது. தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் முதலிலேயே வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்து கேட்பார்கள்.

பதில் 2: மேப்லித்தோ

மை விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன். தாளைப் பார்த்துத்தான் பேனாவை எடுக்க வேண்டும். நம் நாவல், கட்டுரை நூல்கள் பெரும்பாலும் மேப்லித்தோ (பூச்சில்லாத வெள்ளைத் தாள்) அல்லது நேச்சுரல் ஷேட் (லேசான மஞ்சள் சாயல்) தாளில் வருகின்றன. இவை மையை உறிஞ்சும். இங்க் பேனாவில் எழுதினாலும் சீக்கிரம் காயும், ஆனால் 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராம் எடை) போன்ற மெல்லிய தாளில் எழுத்து ஓரம் பிசிறும், பின்பக்கம் தெரியும். படப் புத்தகங்களின் ஆர்ட் பேப்பர் இதற்கு நேர் எதிர். மேலே பூச்சு இருப்பதால் மை உள்ளே இறங்காது. ஜெல் பேனா எழுத்து ஒரு நிமிடத்துக்கு மேலும் ஈரமாகவே நிற்கும். அப்படியே மூடினால் எதிர்ப்பக்கத்தில் பதியாமல் என்ன செய்யும்? மழைக்கால ஈரக்காற்றில் இன்னும் மோசம்.

ஆகவே சாதாரணத் தாளுக்கு பால் பாயிண்ட், அல்லது பிக்மென்ட் (நிறத்துகள்) மை உள்ள மெல்லிய முனைப் பேனா. பிக்மென்ட் மை தண்ணீர் பட்டால் கரையாது, எளிதில் வெளுக்காது. ஆர்ட் பேப்பருக்கு மெல்லிய முனை பெர்மனென்ட் மார்க்கர். அதையே மேப்லித்தோவில் எழுதினால் மறுபக்கம் ஊறிவிடும். கறுப்பு அல்லது அடர்நிற உள்ளட்டை என்றால் வெள்ளை, வெள்ளி நிற ஜெல் பேனா. பக்கத்தில் மை ஒற்றும் தாள் இருக்கட்டும். அதை வைத்து அழுத்தினால் போதும், தேய்க்கவே கூடாது.

கெட்டி அட்டைப் புத்தகத்தில் உள்ளட்டைத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். பின்னாளில் மறுபைண்டிங் செய்தால் முதலில் போவது அந்தத் தாள்தான். நூலின் பெயர் அச்சான முதல் பக்கமே பத்திரம். பசை பைண்டிங் என்றால் புத்தகத்தை முழுக்க விரித்து உள்ளங்கையால் அழுத்துவதையும் தவிர்க்க வேண்டும், முதுகு பிளந்து முன்பக்கங்கள் கழன்று வரும். ஏற்கெனவே அப்பிவிட்டதை அழிக்க முயலாதீர்கள். இடையே ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் மேலும் பரவாது.

பதில் 3: பழைய பேட்டை

முன்பே கையெழுத்திட்ட படி என்றாலே போலி என்று நினைக்க வேண்டாம். எழுத்தாளர் நிகழ்வுக்கு முன் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து போட்டதாக இருக்கலாம். தனித்தாள்களில் கையெழுத்து வாங்கி, பைண்டிங்கில் சேர்ப்பதும் உண்டு. இரண்டும் உண்மையான கையெழுத்தே. சந்தேகப்பட வேண்டியது இயந்திரம், முத்திரை, அச்சு மூன்றையும்தான்.

பெரிய பதிப்பகம் என்பதே உத்தரவாதம் ஆகாது. 2022 நவம்பரில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் புத்தகத்தைக் கையால் கையெழுத்திட்டது என்று சொல்லி, 900 படிகளை ஒவ்வொன்றும் 599 டாலருக்கு சைமன் அண்ட் ஷுஸ்டர் என்ற பெரிய அமெரிக்கப் பதிப்பகம் விற்றது. வாங்கியவர்கள் படங்களை இணையத்தில் போட்டு ஒப்பிட்டபோது, கையெழுத்தை அப்படியே நகலெடுத்துப் போடும் இயந்திரப் பேனா என்பது வெளிப்பட்டது. பதிப்பகம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது, டிலனும் வருத்தம் தெரிவித்தார்.

நீங்களும் அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு மூன்று படிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மனிதக் கை ஒரே வளைவை அப்படியே திரும்பப் போடாது. பால் பாயிண்ட் என்றால் எழுத்தின் அழுத்தம் தாளின் பின்பக்கம் விரலில் தட்டுப்படும். ரப்பர் முத்திரையில் மை கோட்டின் ஓரங்களில் தேங்கி நிற்கும்.

போட்டோவுக்கு எழுந்து நிற்க வேண்டாம், பெயருக்குச் சீட்டு போதும் என்று கல்லாப்பெட்டி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. இரண்டு வார்த்தை பேசத்தானே வாசகர் வருகிறார். ஆளுக்கு இரண்டு நிமிடம் வைத்து டோக்கனைக் குறைக்கட்டும். நிதானமாகப் பேச வேண்டுமென்றால் ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானப் புத்தகக் காட்சிதான் சரியான இடம். பல எழுத்தாளர்கள் தங்கள் பதிப்பக அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். பொங்கல் விடுமுறையைத் தவிர்த்து, வேலைநாளில் போங்கள். பத்து சதவீதக் கழிவும் உண்டு.

கேட்டவர்: நுங்கம்பாக்கம் வாசகர்

நன்றி. பெயர் இல்லாத படியைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கல்லாப்பெட்டி

கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விளம்பரத்தில் நேரமும் நிபந்தனையும் போட்டு விற்றிருக்கிறார்கள். பில்லும் அந்த விளம்பரப் படமும் கையில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்குள் போங்கள். கையெழுத்துப் போட்ட படியைப் பதிப்பகம் பொதுவாகத் திரும்ப எடுக்காது என்பதால் கடை தயங்கும். அப்போது வேறொன்று கேளுங்கள்: பெயர்ச் சீட்டோடு புத்தகத்தைக் கடையிலேயே விட்டுவிடுகிறேன், எழுத்தாளர் அடுத்து வரும்போது எழுதி வாங்கித் தாருங்கள் என்று. ரசீதின் பின்னால் அதை எழுதி, கடை முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.