ஃப்ரேமை அகலமாக்க லேயர் மாஸ்க்கா, வெக்டாரா?

கோவை_டிசைனர்: கல்யாண பேனருக்கு பார்ட்டி ஒரு தங்க ஃப்ரேம் குடுத்திருக்காங்க, ஸ்கேன் பண்ண பிஎன்ஜி. 2400 பிக்சல் அகலம், 1200 உயரம். எனக்கு அகலம் 3600 வேணும், உயரம் அதேதான். போட்டோஷாப்ல கன்ட்ரோல் டி போட்டு இழுத்தா மூலையில இருக்கற தாமரை முட்டை மாதிரி ஆயிடுது. லேயர் மாஸ்க் வச்சு பண்ணலாம்ங்கறாங்க, மாஸ்க்ங்கறது லேயர்ல வேண்டாத இடத்த மறைக்கத்தானே செய்யும்?

வெக்டார்_பித்தன்: ஆமா மறைக்க மட்டும்தான் செய்யும், அதுக்கு இது வேலையே இல்ல. கோரல்ட்ரால வெக்டாரா, அதாவது பிக்சல் இல்லாம கோடா வரைஞ்சுடுங்க. ஷேப் டூல்ல வலது பக்க நோட், அதான் கோட்டுல இருக்கற புள்ளி, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி தள்ளுனா மூலை அப்படியே இருக்கும், நடுவுல கோடு மட்டும் நீளும். நாளைக்கே பார்ட்டி சைஸ் மாத்துனாலும் ரெண்டு நிமிஷ வேலை.

டச்சப்_மதுரை: அண்ணே அது ஸ்கேன் பண்ண ஜரிகை டிசைன்ங்கறாரு, கோடா ட்ரேஸ் பண்ணா அந்த மினுமினுப்பு செத்துடும். கோவை ப்ரோ, லேயரை டூப்ளிகேட் பண்ணுங்க. கீழ இருக்கறதுல வலது மூலைய மாஸ்க்ல கருப்பு அடிச்சு மறைங்க, மேல இருக்கறதுல இடது மூலைய. இப்ப மேல இருக்கறத வலது பக்கம் நகர்த்துங்க, ஒரு பிக்சல் கூட இழுபடாம ஃப்ரேம் நீளும்.

கோவை_டிசைனர்: 1200 தள்ளிப் பாத்தேன், நடுவுல மாங்கா டிசைன் சேரல. மறைச்ச மூலையும் திரும்ப வந்துடுச்சு.

டச்சப்_மதுரை: மூலை வந்தா லேயருக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல இருக்கற சங்கிலி ஐகான கழட்டிட்டீங்க. லேயர் மட்டும் நகருது, மாஸ்க் அங்கயே நிக்குது. சங்கிலிய போட்டுட்டு நகர்த்துங்க. ஒரு மாங்கா எத்தன பிக்சல்?

கோவை_டிசைனர்: 160.

டச்சப்_மதுரை: 1200ல ஏழரை மாங்காதான் வருது, அப்புறம் எப்படி சேரும். ஏழு மாங்கா, 1120 தள்ளுங்க. மொத்தம் 3520 ஆகும், ரெண்டு பக்கமும் 40 பிக்சல் இடம் விட்டுக்கலாம்.

புது_எடிட்டர்: ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டா மாத்திட்டு இழுத்தா போதாதா? 2005ல போட்டோஷாப் சிஎஸ் 2லயே வந்துடுச்சே.

வெக்டார்_பித்தன்: இல்லப்பா, அது சின்னதாக்கிட்டு திரும்ப பெருசாக்குறப்ப பழைய பிக்சல காப்பாத்தும், அவ்வளவுதான். ஒரு பக்கமா இழுத்தா அதுலயும் தாமரை முட்டைதான்.

கோவை_டிசைனர்: மாங்கா சேந்துடுச்சு! ஆனா இணைப்பு தெரியக்கூடாதுன்னு ரெண்டு மாஸ்க்லயும் கருப்புலேர்ந்து வெள்ளைக்கு மெல்ல மாறுற கிரேடியன்ட் அடிச்சேன், அந்த இடத்துல மட்டும் பின்னாடி சிவப்பு லேசா தெரியுது.

டச்சப்_மதுரை: ரெண்டும் 50 சதவீதமா இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு வச்சாலும் 75தான் மறையும், மீதி 25ல பின்னணி எட்டிப் பாக்கும். கிரேடியன்ட் மேல் லேயர்ல மட்டும் போதும், கீழ இருக்கறது அந்த இடத்துல முழுசா இருக்கட்டும்.

வெக்டார்_பித்தன்: கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு லேயர், ரெண்டு மாஸ்க், வேற ஒருத்தர் இந்த ஃபைல தொறந்தா எது எதுக்குன்னு எப்படி தெரியும்? ஜரிகைக்கு சரி. சாதா கோடு ஃப்ரேமுக்கு இத கத்துக் குடுக்காதீங்க.

டச்சப்_மதுரை: சாதா கோட்டுக்கு நானும் வெக்டார்தான் அண்ணே. லேயருக்கு பேரு வைங்க ப்ரோ, இடது, வலதுன்னு. ரெண்டு லேயரையும் மெர்ஜ் பண்ணி ஒண்ணாக்கிடாதீங்க, பார்ட்டி இன்னும் ஓகே சொல்லல இல்ல.

கோவை_டிசைனர்: சிவப்பு போயிடுச்சு. பேரு வச்சுட்டேன், பார்ட்டிக்கு அனுப்பியாச்சு.