சீரியம்-139எம்: 754 முகடு மறைந்த பின்னும் 166 ஏன் எழவில்லை?

கேள்வி:
வணக்கம். சீரியம் ஆக்சைடு மாதிரியை 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களுக்குச் சில நிமிடங்கள் உட்படுத்தி, ஜெர்மானியம் உணர்கருவியில் காமா நிறமாலை எடுத்தோம். 754 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் சீரியம்-139இன் ஐசோமருக்குரிய (சற்று நேரம் நிலைக்கும் கிளர்வுற்ற நிலை, அதாவது சீரியம்-139எம்) முகடு தெளிவாக எழுந்து, பத்து நிமிடங்களில் பின்னணிக்குள் அடங்கிவிட்டது. ஐசோமர் முழுவதும் அடிநிலைக்கு (மிகக் குறைந்த ஆற்றல் நிலை) இறங்கிவிட்டதென்றால், அடிநிலை சிதையும்போது வரும் 166 முகடு அதே அளவுக்கு வளர வேண்டாமா? ஒரு மணி நேரம் எண்ணியும் அது தென்படவில்லை. கிளர்வுற்ற நிலை ஏறத்தாழ ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பதன் காரணமும் எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 1:
அணுக்கருக்கள் அனைத்தும் மாதிரிக்குள்தான் இருக்கின்றன. அவை சிதையும் வேகம்தான் குறைந்துவிட்டது. ஐசோமரின் அரை ஆயுட்காலம் (பாதி அணுக்கருக்கள் சிதைய ஆகும் நேரம்) சுமார் 57 விநாடி. எலக்ட்ரான் கவர்வால் (அணுவின் எலக்ட்ரான் ஒன்றை அணுக்கரு உள்வாங்குவதால்) லாந்தனம்-139ஆக மாறும் அடிநிலைக்கோ 137.6 நாள், அதாவது ஏறக்குறைய 1 கோடியே 19 லட்சம் விநாடி. ஆகவே அதே எண்ணிக்கையிலான அணுக்கருக்கள் இப்போது 2 லட்சம் மடங்கு மெதுவாகச் சிதைகின்றன. தொடக்கத்தில் ஐசோமர் விநாடிக்கு 2000 சிதைவுகள் தந்திருந்தால், அதிலிருந்து வந்த அடிநிலை நூறு விநாடிக்கு ஒன்றுதான் தரும்; உங்கள் ஒரு மணி நேரத்தில் 36 சிதைவுகள், அவற்றுள் உணர்கருவி பிடிப்பது மிகச் சில. நேரடியாக அடிநிலையில் உருவான அணுக்கருக்களைச் சேர்த்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. பல மணி நேரம் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, நல்ல ஈயக் கவசத்துக்குள் நாள்கணக்கில் எண்ணினால் 166ஐக் காணலாம்.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்விக்கு: சீரியம்-139இல் 81 நியூட்ரான்கள், 82 என்ற மாய எண்ணுக்கு (கூடு ஒன்று முழுதாக நிரம்பும் எண்ணிக்கை) ஒன்று குறைவு. அந்த வெற்றிடம் எந்தச் சுற்றில் இருக்கிறது என்பதே இரு நிலைகளையும் வேறுபடுத்துகிறது. அடிநிலையின் தற்சுழற்சி 3/2, பாரிட்டி (கண்ணாடிப் பிம்பச் சமச்சீர் குறி) நேர். ஐசோமரின் தற்சுழற்சி 11/2, பாரிட்டி எதிர். இறங்கும்போது நான்கு அலகு கோண உந்தத்தைக் காமா கதிரே சுமந்து செல்ல வேண்டியிருப்பதால், எம்4 எனப்படும் இந்தக் காந்த வகைத் தாவல் மிகவும் தயங்கியே நிகழ்கிறது. இடையில் 255 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு நிலை உண்டு. ஆனால் அதன் தற்சுழற்சி 1/2 என்பதால் அந்த வழி இன்னும் கடினமானது.

இவ்வகைத் தாவலின் வீதம் ஆற்றலின் ஒன்பதாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. அதே 81 நியூட்ரான்கள் கொண்ட பேரியம்-137எம் 662இல் 153 விநாடி வாழ்கிறது. அதிலிருந்து 754க்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 47 விநாடி வருகிறது. இவ்வளவு எளிய கணக்கு உண்மைக்கு இத்தனை அருகில் வருவதை, அணுக்கருத் துகள்கள் கூடு கூடாக நிரம்புவதாகக் கொள்ளும் கூடு மாதிரியின் மிக அழகான சான்றுகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் அளவீட்டில் அரை ஆயுட்காலம் 66 விநாடி என வந்தது. அதற்கும் இதில் விளக்கம் உண்டா?

மறுமொழி 1:
உங்கள் மாதிரி ஆக்சைடு என்பதைக் கவனியுங்கள். வேக நியூட்ரான்கள் ஆக்சிஜனை நைட்ரஜன்-16ஆக மாற்றுகின்றன. 7 விநாடி அரை ஆயுட்காலம் கொண்ட அது 6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட காமா கதிர்களால் உணர்கருவியைத் தொடக்கத்தில் திணறடிக்கும். அந்நேரத்து எண்ணிக்கை இழப்பைத் திருத்தாவிட்டால் சிதைவுக் கோடு சாய்வு குறைந்து, அரை ஆயுட்காலம் நீண்டதாகத் தோன்றும். முதல் 40 விநாடிகளை விட்டுவிட்டு, பத்து விநாடிக்கு ஒரு நிறமாலையாகச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் செயலற்ற நேரத் (உணர்கருவி புதிய கதிரை எண்ண முடியாத நேரம்) திருத்தம் செய்து மறுபடி வரைந்து பாருங்கள்.