கெல்ப் காட்டில் அர்ச்சின் கணக்கு: ஒரே டேப்பில் இருவருக்கும் இரண்டு எண்ணிக்கை, எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், கெல்ப் என்னும் பெரிய கடற்பாசிகள் காடாக வளர்ந்த இடத்தில், தன்னார்வ டைவராகக் கடலடி உயிர்களைக் கணக்கெடுக்கிறேன். இது முதல் பருவம். படம் பார்த்துப் பெயர் சொல்லும் தேர்வில் தேறிவிட்டேன், ஆனால் தண்ணீருக்குள் போனதும் தடுமாற்றம்.

போன சனிக்கிழமை 12 மீட்டர் ஆழத்தில் இருந்தோம். தண்ணீர் 11 டிகிரி, நாலு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வழக்கம்போல் கடலடியில் 30 மீட்டர் அளவு டேப்பை விரித்து, அதையொட்டி 2 மீட்டர் அகலத்துக்குள் இருப்பதை எண்ணினோம். பயிற்சிக்காக நானும் என்னோடு இறங்கிய அண்ணனும் ஒரே டேப்பில் ஒருவர் பின் ஒருவராக எண்ணினோம். என் சிலேட்டில் ஊதா அர்ச்சின் (உடல் முழுக்க முள் கொண்ட உருண்டையான கடலுயிர்) 62, சிவப்பு 9. அவர் சிலேட்டில் ஊதா 48, சிவப்பு 31. நான் பெரிதாக, சிவப்பாகத் தெரிந்ததைத்தான் சிவப்பு என்று எழுதினேன். அவர் பல வருட அனுபவசாலி, தவறு என் பக்கம்தான். ஆனால் எந்த இடத்தில் தவறினேன் என்று பிடிபடவில்லை.

இன்னொரு சந்தேகம். ராட்சத கெல்ப் இரண்டு மூன்று, பாறையைப் பிடித்திருக்கும் அடிப்பகுதியில் பின்னிப் பிணைந்து கிடந்தால் ஒன்றாக எண்ணுவதா, மூன்றாகவா?

பதில் 1

முதலில் இதைச் சொல்லுங்கள்: டார்ச் வைத்திருந்தீர்களா?

கேட்டவர்

அண்ணனிடம் இருந்தது, என்னிடம் இல்லை. நண்பகல் என்பதால் வெளிச்சம் போதும் என்று நினைத்தேன்.

பதில் 1

பாதி விடை அதிலேயே இருக்கிறது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். 12 மீட்டரில், அதுவும் மேலே கெல்ப் கூரை போட்டிருக்கும் இடத்தில், சிவப்பு அர்ச்சின் கறுப்பாகவோ கருநீலமாகவோதான் தெரியும். அதோடு, பெயர்தான் சிவப்பு. நல்ல வெளிச்சத்தில் பார்த்தாலும் சில கருஞ்சிவப்பாக, சில கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்கும். ஊதா அர்ச்சினின் குஞ்சுகளோ வெளிறிய பச்சை.

அதனால் நிறத்தைக் கடைசியில் பாருங்கள், முள்ளை முதலில் பாருங்கள். ஊதாவின் முள் குட்டை, நெருக்கமாக, ஒரே அளவாக வெட்டிவிட்டதுபோல் இருக்கும். சிவப்பின் முள் உடலோடு ஒப்பிட்டால் நீளம். அளவை மட்டும் நம்பினாலும் ஏமாறுவீர்கள், ஏனென்றால் இளம் சிவப்பும் முதிர்ந்த ஊதாவும் ஒரே பருமனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

பதில் 2

உங்கள் இரண்டு சிலேட்டையும் கூட்டிப் பாருங்கள். உங்கள் மொத்தம் 71, அண்ணனுடையது 79. ஊதாவில் உங்களுக்கு 14 கூடுதல், சிவப்பில் 22 குறைவு. அந்த 14 பெயர் மாறிப் போனவை என்று வைத்துக்கொண்டால் மீதி 8 நீங்கள் பார்க்காமலே விட்டவை. ஆக, இரண்டு தவறு சேர்ந்து நடந்திருக்கிறது.

அந்த 8 எங்கே ஒளிந்திருக்கும்? பெரிய சிவப்பு அர்ச்சினின் முள் கூடாரத்துக்கு அடியில். சிவப்பின் குஞ்சுகள் எதிரிகளுக்குப் பயந்து பெரியவற்றின் முட்களுக்குக் கீழே தங்கும். மேலிருந்து பார்த்துக்கொண்டே நீந்தினால் ஒன்றுகூடத் தெரியாது. தலையைப் பாறையருகே தாழ்த்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பிளவுக்குள்ளும் பாருங்கள். எதையும் பெயர்த்தெடுக்க வேண்டாம். உங்கள் குழு விதியில் குறைந்தபட்ச அளவு என்ன?

கேட்டவர்

2.5 செ.மீ. அதற்குக் கீழ் எண்ணக் கூடாது.

பதில் 2

சிலேட்டின் ஓரத்தில் அந்த நீளத்துக்கு அழியாத கோடு போட்டுக்கொள்ளுங்கள். முள்ளை விட்டுவிட்டு உடலை மட்டும் அதோடு ஒப்பிடுங்கள். டேப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர்தானே, அதையும் கண்ணால் மதிப்பிடாமல் ஒரு மீட்டர் பிவிசி குழாயால் அளந்து பாருங்கள். ஓரத்தில் வரும் பிழை சின்னதுதான், ஆனால் 30 மீட்டருக்கும் கூடவே வரும்.

பதில் 3

கெல்ப் கேள்விக்கு நான் சொல்கிறேன். ராட்சத கெல்ப்பில் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் எத்தனை தண்டு என்பதையும் எழுதுகிறீர்கள் அல்லவா? அடியில் ஒன்றெனப் பிரித்தாலும் மூன்றெனப் பிரித்தாலும் தண்டுகளின் மொத்தம் மாறாது. ஆகவே தண்டை ஒழுங்காக எண்ணுங்கள். தண்டைக் கையால் கீழ்நோக்கித் தடவிப் போனால் பெரும்பாலும் எந்தப் பிடிப்பில் சேர்கிறது என்று தெரிந்துவிடும். தெரியாத இடங்களில் என்ன செய்வதென்று அணித்தலைவரிடம் கேட்டு, குழு முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

இந்த ஊதா–சிவப்புக் குழப்பத்தைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். 2013இல் தொடங்கிய நோயில் சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அவை அர்ச்சின்களைத் தின்பவை. அடுத்து வந்த கடல் வெப்ப அலையும் சேர, வடக்குக் கலிஃபோர்னியாவில் 350 கிலோமீட்டர் கரையில் புல் கெல்ப் (bull kelp) என்ற இன்னொரு கெல்ப் வகை 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. ஊதா பெருகிக் காட்டைத் தின்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நாம் இறங்குகிறோம். சிவப்பை ஊதா என்று எழுதினால் நல்ல பாறைகூட மொட்டையாகிக்கொண்டிருப்பதாகக் கணக்கு சொல்லும்.

கேட்டவர்

இன்று காலை மறுபடி இறங்கினோம். டார்ச், சிலேட்டில் கோடு, குழாய் எல்லாம் கொண்டுபோனேன். நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானது. என் கணக்கு ஊதா 50, சிவப்பு 28. அண்ணனுக்கு 49, 30. நான் விட்ட இரண்டு சிவப்பும் ஒரே பிளவுக்குள் இருந்தவை, அவரே காட்டினார். பழைய சிலேட்டைப் பயிற்சிக் கணக்கு என்று குறித்து, தரவில் சேர்க்க வேண்டாமென அணித்தலைவருக்குச் சொல்லிவிட்டேன்.