சேலத்தில் தேடினேன், கரூரில் கிடைத்தார் தாத்தா

குடும்பத்துப் பழைய பதிவுகளைத் தேடிய அனுபவம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது மூன்று மாதம் தப்பான கதவைத் தட்டிய அனுபவம்.

எங்கள் தாத்தா "நாம மெத்தடிஸ்ட்" என்பார், அது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. நாங்கள் சேலம், அதனால் அவர் ஞானஸ்நானம் பெற்றதும் இங்கேதான் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். ஞானஸ்நானப் பதிவைத் தேடி முதலில் போனது கலெக்டர் ஆபீஸ் பக்கத்து கிறிஸ்ட் சர்ச். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து 1875-ல் முடிந்த கட்டடம், பார்க்க அழகு, ஆனால் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி, மெத்தடிஸ்ட் இல்லை. அப்புறம் டவுனில் இன்னொரு பழைய சபை. பீரோவைத் திறந்ததும் ரெஜிஸ்டரில் கால்வாசி மண்ணாகக் கொட்டியது. கரையான். மிச்சத்தில் தாத்தா இல்லை. நான் நொந்து நிற்பதைப் பார்த்து அங்கிருந்த பெரியவர் சொன்னார்:

"தம்பி, சேலம் லண்டன் மிஷன் ஏரியா. வெஸ்லியன்காரங்க, அதான் உங்க மெத்தடிஸ்ட், கரூர், தாராபுரம் பக்கம். தாத்தாவுக்குச் சொந்த ஊர் எது?"

முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி! லண்டன் மிஷன் என்பது வேறொரு மிஷனரி சங்கம், 1827-லேயே சேலத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. ஒருத்தர் இருக்கும் ஊரில் இன்னொருத்தர் போய்க் கடை விரிப்பதில்லை என்று மிஷன்களுக்குள் ஓர் ஏற்பாடு. 1947-ல் இரண்டு மிஷன்களின் சபைகளும் சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்துவிட்டதால் அந்த எல்லைக்கோடு நம் கண்ணில் படுவதில்லை.

அத்தையிடம் கேட்டேன். "கரூர்தான். தறி வேலைக்கு இங்க வந்தவரு" என்றார், இத்தனை நாள் தன்னை யாரும் கேட்கவில்லையே என்கிற குரலில்.

கரூரில் ரெஜிஸ்டர் இருந்தது. மை தாளை அரித்து, சில எழுத்துகள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டினோம். 1921. தகப்பன் தொழில்: நெசவு. தாத்தா பெயருக்குப் பக்கத்தில் 'முந்தின பெயர்' என்ற கட்டத்தில் வீட்டில் யாருமே கேள்விப்படாத ஒரு பெயர். போனில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

போகிறவர்கள் ஆயருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம்.

---

(இதற்கு வந்த ஒரு பதில்) அண்ணா, நீங்கள் கொடுத்துவைத்தவர். நாங்கள் ஏற்காடு. கொள்ளுத்தாத்தா காப்பி எஸ்டேட்டில் பட்லர். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் பிரதி எடுத்து மெட்ராஸ் வழியாக லண்டனுக்கு அனுப்பினார்கள், பிரிட்டிஷ் லைப்ரரியில் இன்றும் இருக்கிறது. துரை வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் கிடைத்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டவருக்கு ஒரு வரி இல்லை. இங்கே இருந்த நோட்டு ஒன்றுதான், அதுவும் மழையில் நனைந்து ஒரே கட்டியாக ஒட்டிக்கிடக்கிறது. பிரிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.